கோச்சி எங்கே நிற்கிறது என்று கேளுங்கள்

பதினொரு வருடம் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தேன். மாதம் ஒரு தடவை இரவு அஞ்சல் ரயிலில் வீட்டுக்கு வருவேன், ஞாயிறு இரவு அதே ரயிலில் திரும்புவேன். எங்கள் தோட்டம் இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கும் நானுஓயாவுக்கும் இடையில் இருக்கிறது. இப்போது ஊரோடு வந்துவிட்டேன். ஆனாலும் பக்கத்து லயத்துப் பிள்ளைகள் கொழும்புக்கோ கண்டிக்கோ கிளம்பும்போது என்னிடம்தான் கேட்கிறார்கள்: "அக்கா, கோச்சி லேட்டாம், என்ன செய்யிறது?" கோச்சி என்று நாங்கள் சொல்வது ரயிலைத்தான். ஒவ்வொருவருக்கும் சொன்னதையே இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குக் கண்ணில் ஆபரேஷன் செய்யக் கொழும்பில் நாள் கொடுத்திருந்தார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். முதல் நாள் பகல் ரயிலில் போய், மாமா வீட்டில் தங்குவதாகத் திட்டம். ஜூன் மாதம், விடாத மழை. ஸ்டேஷனுக்குப் போனால் ரயில் தாமதம் என்றார்கள். சரி, வரும்தானே என்று பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை நான் எழுந்து போய் "எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்பேன். "சொல்ல முடியாது" என்பார்கள். நாலு மணி நேரம் கழித்து ரயில் இரத்து என்று தெரிந்தது. அதற்குள் கொழும்புக்கு நேராகப் போகும் கடைசி பஸ்ஸும் போய்விட்டது. அம்மாவின் ஆபரேஷனுக்கு வேறு நாள் கிடைக்க மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அன்று நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. "எப்போது வரும்" என்பதற்கு நிலைய அதிபருக்கே பதில் தெரியாது. "இப்போது எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது" என்பதற்கு அநேகமாக அவருக்குப் பதில் தெரியும். அந்த இரண்டும் தெரிந்தால் காத்திருப்பதா, பஸ்ஸுக்கு ஓடுவதா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

ஏன் அப்படி என்று விளங்க, கொழும்பிலிருந்து பதுளைக்கு ஏறும் நம் பாதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1874இல் நாவலப்பிட்டி வரை வந்த தண்டவாளம் 1885இல் நானுஓயாவைத் தொட்டது. பதுளைக்குப் போய்ச் சேர 1924 ஆகிவிட்டது. நாவலப்பிட்டியிலிருந்து மேலே பதுளை வரை ஒற்றைத் தண்டவாளம்தான். ஏறும் ரயிலும் இறங்கும் ரயிலும் ஸ்டேஷன்களில் மட்டுமே ஒன்றையொன்று விலக முடியும். ஆகவே பண்டாரவளையில் ஒரு ரயில் சுணங்கினால், அதற்காக நானுஓயாவில் இன்னொன்று காத்து நிற்கும். ஏற்றமோ 44 அடிக்கு 1 அடி. தண்டவாளம் நனைந்து, அதில் இலையும் விழுந்திருந்தால் சக்கரம் பிடிக்காமல் வழுக்கும். எஞ்சின் மூச்சு வாங்கி நிற்பதை நம்மில் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறோம்.

இனி காரணத்துக்கு வருவோம். எதிர் ரயிலுக்காக நிற்கிறது என்றால் கால் மணி, அரை மணி. காத்திருங்கள். மரம் விழுந்திருக்கிறது என்றால் வெட்டி இழுக்க ஒன்றிரண்டு மணி நேரம். எஞ்சின் பழுது என்றால் வேறு எஞ்சின் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். நாவலப்பிட்டியில் எஞ்சின் ஷெட் இருப்பதால், அதற்குக் கிட்டிய இடத்தில் நின்றால் விரைவில் தீரும். ஒஹியவுக்கு அப்பால் நின்றால் நேரமாகும். தடம்புரண்டது, மண் சரிந்தது, பாறை விழுந்தது என்று காதில் விழுந்தால் பெஞ்சில் உட்காராதீர்கள். அது அரை நாள் வேலை, சில நேரம் பல நாள் வேலை. அந்த நிமிடமே பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்புங்கள், ஏனென்றால் இன்னும் கால் மணி நேரத்தில் அந்த மேடையில் நிற்கும் எல்லோரும் அங்கேதான் வருவார்கள். இந்த நேரக் கணக்கெல்லாம் என் அனுபவத்தில் சொல்வது, ரயில்வே திணைக்களத்தின் கணக்கு அல்ல.

மொழியால் நம்மவர்கள் படும் சிரமம் எனக்குப் பெரிய வருத்தம். சில நிலையங்களில் தமிழிலும் அறிவிக்கிறார்கள், சிலவற்றில் சிங்களத்தில் மட்டும்தான். வயதானவர்கள் ஒலிபெருக்கி என்ன சொன்னது என்று பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பார்கள். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. ஆகவே தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை, அது உங்கள் உரிமை. ஆனால் ரயில் அந்த உரிமைக்காகக் காத்திருக்காது. அதனால் சில சிங்களச் சொற்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "பிரமாதய்" என்றால் தாமதம். நம் தமிழில் பிரமாதம் என்றால் நல்லது என்று அர்த்தம், சிங்களத்தில் அப்படி இல்லை. அந்த ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியை நான் பார்த்திருக்கிறேன். "அவலங்குய்" என்றால் இரத்து. "நாய கிஹில்லா" என்றால் மண் சரிந்திருக்கிறது. "மாத்தயா, தென் கோச்சிய கொஹேத?" என்று கேட்டால், ஐயா, இப்போது ரயில் எங்கே என்று அர்த்தம். பணிவாகக் கேளுங்கள். நிலைய அதிபர் ஒரு கையில் டெலிபோனும் மறு கையில் டேப்ளட்டுமாக (ஒற்றைப் பாதையில் போக ஓட்டுநரிடம் கொடுக்கும் அனுமதி வில்லை) நிற்கும்போது சத்தம் போட்டுப் பயனில்லை, அவர் அந்த வேலையை முடித்தால்தான் அடுத்த ரயில் நகரும்.

வீட்டை விட்டு இறங்குமுன் விசாரிப்பது இன்னும் நல்லது. ரயில்வே திணைக்களத்தின் இலக்கம் 1971. அரசாங்கத் தகவல் மையத்தின் இலக்கம் 1919, அங்கே தமிழிலும் பேசலாம். ரயில் எந்த ஸ்டேஷனைத் தாண்டிவிட்டது என்று பயணிகளே பதிவிடும் செயலிகளும் வாட்ஸ்அப் குழுக்களும் இருக்கின்றன. இவை எல்லாவற்றையும்விட நான் நம்புவது ஆட்களைத்தான். கொழும்புக்குப் போகிறீர்கள் என்றால் ரயில் பதுளைப் பக்கமிருந்து வர வேண்டும். ஹப்புத்தளையிலோ பண்டாரவளையிலோ உங்களுக்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார். "கோச்சி அங்கே தாண்டிட்டுதா மச்சான்?" என்று ஒரு கோல் எடுத்தால் போதும். மழைக்காலத்தில் ஸ்டேஷன் வரை நனைந்து போய்த் திரும்புவது மிச்சமாகும்.

மழை எந்த மாதம் எங்கே பெய்கிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை மேற்குச் சரிவில்தான் கொட்டும். நாவலப்பிட்டி, கலபொட, வட்டவளை, ரொசல்ல, ஹட்டன் பகுதியில் ஆபத்து அப்போதுதான். ஒக்டோபர் தொடங்கி வருடக் கடைசி வரை ஊவாப் பக்கம், இதல்கஸ்ஹின்ன முதல் பதுளை வரை கவனம் வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிலையாக வெளியிடுகிறது. மூன்றாவது, சிவப்பு. நீங்கள் போகும் வழியில் உள்ள பிரதேச செயலகப் பிரிவு ஒன்றுக்குச் சிவப்பு வந்துவிட்டால் அன்று பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். அதைப் பற்றி அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117இல் கேட்கலாம். கடும் மழை நாட்களில் இரவு அஞ்சல் ரயிலைப் பலமுறை நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கும் கோபம் வந்ததுண்டு, ஆனால் இருட்டில் சரிந்த மண்ணை ஓட்டுநரால் பார்க்க முடியாது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையகப் பாதை எத்தனை இடத்தில் பிய்ந்து தொங்கியது என்று நாம் எல்லோரும் பார்த்தோம். அந்த மாதிரிப் பேரிடருக்குப் பிறகு ரயில் லேட்டா என்பதைவிட எங்கிருந்து எதுவரை ஓடுகிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

ரயிலுக்குள் இருக்கும்போது நின்றுவிட்டால் இறங்குவதா வேண்டாமா என்பது நிற்கும் இடத்தைப் பொறுத்தது. கம்பளை, நாவலப்பிட்டி, ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, ஹப்புத்தளை, பண்டாரவளை ஆகிய இடங்களில் பஸ் ரோடு பக்கத்திலேயே இருக்கிறது. ஹட்டனில் இறங்கினால் கினிகத்தேனை வழியாகக் கொழும்புக்கும் கண்டிக்கும் பஸ் உண்டு. நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறத்தாழ 8 கிலோமீற்றர். அங்கே போய்விட்டால் றம்பொடை, புசல்லாவை வழியாகக் கண்டிக்குப் போகலாம், வெலிமடை வழியாகப் பண்டாரவளைக்கோ பதுளைக்கோ போகலாம். இந்த இரண்டு வழியையும் நினைவில் வைத்திருப்பவர் பாதி வழியில் மாட்டிக்கொள்ள மாட்டார்.

ஆனால் கலபொட, இங்குருஓயா, பட்டிப்பொல, ஒஹிய, இதல்கஸ்ஹின்ன போன்ற இடங்களில் அவசரப்பட்டு இறங்காதீர்கள், அதுவும் பொழுது சாய்ந்த பிறகு வேண்டவே வேண்டாம். பட்டிப்பொல இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம். கடல் மட்டத்திலிருந்து 1,890 மீற்றருக்கு மேல் இருக்கிறது. இரவில் அங்கே குளிர் எலும்பைக் குடையும். பெட்டிக்குள் ஆட்கள் இருக்கிறார்கள், விளக்கு இருக்கிறது, ரயில் கார்ட் இருக்கிறார். அங்கே இருப்பதுதான் பாதுகாப்பு. இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் நின்றால் எக்காரணம் கொண்டும் தண்டவாளத்தில் இறங்கி நடக்காதீர்கள். பாலத்தில் ஒதுங்க இடம் கிடையாது. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் உள்ள சிங்கமலைச் சுரங்கம் அரைக் கிலோமீற்றருக்கும் மேல் நீளம், உள்ளே கும்மிருட்டு. எத்தனையோ பெடியன்கள் "கிட்டத்தான் இருக்கு" என்று இறங்கி நடக்கப் பார்ப்பார்கள். அவர்களைத் தடுங்கள், அது உங்கள் வேலை இல்லை என்று இருந்துவிடாதீர்கள்.

பையைப் பற்றி ஒரு சொல். பயணம் ஐந்து மணி நேரம் என்றால் பத்து மணி நேரத்துக்குக் கட்டுங்கள். ரொட்டியும் கட்டச் சம்பலும் கெட்டுப் போகாது. தண்ணீர் போத்தல், கம்பளிச் சால்வை, டோர்ச், போனுக்கு பவர் பேங்க். சீனி வருத்தம், பிரஷர் உள்ளவர்களுக்கு இரண்டு நாள் மருந்து கூடுதலாகக் கையில் இருக்க வேண்டும், கிளினிக் கொப்பியும் மருந்தும் மேலே வைக்கும் பெரிய பையில் இருக்கக் கூடாது, மடியில் இருக்கும் பையில் இருக்க வேண்டும். சில்லறைக் காசும் ஆட்டோவுக்கு ஒரு தொகையும் தனியாக முடிந்து வையுங்கள். ரயிலில் யாருக்காவது முடியாமல் போனால் கார்டிடம் சொல்லி, அடுத்த ஸ்டேஷனின் பெயரைச் சொல்லி 1990க்கு அழையுங்கள். ஆம்புலன்ஸ் ஸ்டேஷனுக்கு வரும், காசு வாங்க மாட்டார்கள்.

டிக்கெட்டை எறியாதீர்கள். முற்பதிவு செய்த ரயில் இரத்தானால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், அதற்கு டிக்கெட் வேண்டும். தாமதத்துக்கு நட்டஈடு கிடைத்த யாரையும் நான் பார்த்ததில்லை. ஆனாலும் வேலை இடத்திலோ, ஆஸ்பத்திரியிலோ, நேர்முகப் பரீட்சையிலோ காட்ட உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும். தேதி தெரியும் டிக்கெட், ஸ்டேஷன் மணிக்கூட்டோடு சேர்த்து எடுத்த ஒரு படம், இரண்டும் எனக்கு இரண்டு தடவை சம்பள வெட்டைத் தவிர்த்துத் தந்தன. நிலைய அதிபரிடம் ஒரு துண்டில் எழுதித் தரச் சொல்லியும் கேட்டுப் பார்க்கலாம்.

தவறவே கூடாத நாள் என்றால், அதாவது பரீட்சை, ஆபரேஷன், விமானம், எம்பசி, இதற்கெல்லாம் ஒரு நாள் முன்னதாகக் கிளம்புங்கள். அந்த ஒரு நாள் சம்பளம் போகும் என்பது எனக்குத் தெரியும், தோட்டத்தில் ஒரு நாள் பெயர் விழாவிட்டால், அதாவது அந்த நாள் வேலைக் கணக்கில் பதியாவிட்டால், என்ன ஆகும் என்பதை அறிந்துதான் சொல்கிறேன். முன்னதாகப் போக வழியே இல்லை என்றால், உங்கள் ஊரிலிருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முதல் நாளே பஸ் கொண்டக்டரிடம் கேட்டு வையுங்கள். அதிலிருந்து ஒரு மணி நேரத்தைக் கழியுங்கள். அந்த நேரம்வரை ரயில் உங்கள் பக்கத்து ஸ்டேஷனுக்குக்கூட வந்து சேரவில்லை என்றால் ரயிலை விட்டுவிடுங்கள். நான் அன்று அந்த நேரத்தைக் குறித்து வைத்திருக்கவில்லை.

நடுச்சாமத்தில் ஊர் ஸ்டேஷனில் இறங்க நேர்ந்தால் தனியாகத் தோட்டத்து ரோட்டில் நடக்க வேண்டாம். ரயில் ஹட்டனைத் தாண்டும்போதே தெரிந்த ஆட்டோக்காரருக்கு அழைத்துச் சொல்லிவிடுங்கள். சிங்கமலைச் சுரங்கத்துக்குள் போன் எடுபடாது. ஆட்டோ வராவிட்டால், விடியும்வரை ஸ்டேஷனிலேயே இருக்கிறேன் என்று நிலைய அதிபரிடம் சொல்லுங்கள். நான் அப்படி இருந்த இரவுகளில் யாரும் என்னை எழுந்து போகச் சொன்னதில்லை.