செங்காலா, கெம்பாஸா? கட்டையின் தலையைச் சீவிப் பாருங்கள்

தோட்டத்து லயங்களை, அதாவது தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளை, இடிக்கும்போது கிடைக்கும் உத்திரமும் நிலைக்கட்டையும் மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஊர்களில் நல்ல விலைக்குக் கைமாறும். வாசல்காலுக்கோ கோவில் கதவுக்கோ கட்டை தேடிப் போனால் கடைக்காரர் வாயில் முதலில் வருவது 'செங்கால்' என்ற விலை கூடிய மரத்தின் பெயர்தான். உண்மையில் அது கெம்பாஸ் போன்ற வேறு மரமாகவும் இருக்கலாம். வெயிலில் கிடந்த கட்டை எந்த மரமானாலும் சாம்பல் பூத்துப்போகும். டீசலோ கழிவு எண்ணெயோ பூசியிருந்தால் எல்லாமே கறுப்பு. ஆகவே நிறத்தை விடுங்கள். மரத்தின் அடையாளம் அதன் குறுக்குவெட்டில் இருக்கிறது.

வேண்டியவை: 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், புது பிளேடு போட்ட கட்டர் கத்தி, சிறு ரம்பம், கொஞ்சம் தண்ணீர், சமையலறைத் தராசு.

முதலில் தலைப்பக்கத்தில் ஒரு விரல்கடை அளவு அறுத்துத் தள்ளுங்கள். பூச்சும் வெடிப்பும் அதோடு போய்விடும். வெளிர்ந்த ஓரப்பகுதியும் முடிச்சும் இல்லாத, வைரம் பாய்ந்த இடமாகப் பார்த்து, 1 செ.மீ. சதுரத்தை மட்டும் தண்ணீர் தொட்டு நனைத்துச் சீவுங்கள். பிளேடை அழுத்தித் தள்ளாமல், சாய்த்துப் பிடித்து இழுத்துச் சீவ வேண்டும். மெல்லிய சீவல் ஒன்று வந்தாலே போதும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். மழுங்கிய பிளேடு, மரத்துக்குள் நீர் ஏறும் குழாய்கள் வெட்டில் காட்டும் துளைகளின் விளிம்பை நசுக்கிவிடும். உப்புத்தாள் போட்டால் தூள் போய்த் துளைகளை அடைத்துக்கொள்ளும். அந்தத் தூளைப் பார்த்து 'வெள்ளைப் பிசின் இருக்கிறதே' என்று ஏமாந்தவர்கள் உண்டு.

லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, கட்டையைத்தான் அதன் அருகே கொண்டுவர வேண்டும், ஏறக்குறைய 2.5 செ.மீ. தூரத்தில் தெளியும். வெளிச்சம் கட்டையின் மேல் விழட்டும், உங்கள் தலை நிழல் விழ வேண்டாம்.

இப்போது முதல் கேள்வி: வளையம் வளையமாக நீண்டு ஓடும் மெல்லிய வெள்ளைக் கோடுகள் உண்டா? அவை பிசின் குழாய்கள். உள்ளே இருப்பது டாமார், நம் வீட்டுத் தூபத்துக்குப் போடும் குங்கிலியத்தின் உறவு. இந்தக் கோடு இருந்தால் மரம் செங்கால், பாலாவ், மெராந்தி, காப்பூர் என்ற கூட்டத்தில் ஒன்று. காப்பூரில் துளைகள் எல்லாம் தனித்தனியாக நிற்கும். புதிதாகச் சீவினால் கற்பூர வாசம் வரும், பெயரே அதுதானே. மெராந்தியில் தனித் துளைகளோடு ஆரவாக்கில், அதாவது மரத்தின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, ஒட்டிய இரட்டைத் துளைகளும் கலந்திருக்கும், கட்டை பெரும்பாலும் லேசு. குரூயிங்கும் இதே குடும்பம்தான். ஆனால் அதன் பிசின் குழாய்கள் நீண்ட வளையமாக ஓடாது, துண்டு துண்டான குட்டை வரிகளாக நிற்கும். துளைகள் தனித்தனி. வெயிலில் வைத்தால் தலைப்பக்கத்தில் பிசுபிசுவென்று எண்ணெய்ப் பிசின் கசியும்.

வெள்ளைக் கோடே இல்லையா? அப்படியானால் செங்கால் என்ற பேச்சை நிறுத்திவிடலாம். அடுத்துப் பார்க்க வேண்டியது துளைகளைச் சுற்றியுள்ள வெளிர்த் திசு.

செங்கால் என்று அதிகம் தள்ளிவிடப்படுவது கெம்பாஸ். துளையின் இரு பக்கமும் இறக்கை விரித்தாற்போல வெளிர்த் திசு நீண்டு, பக்கத்துத் துளையின் இறக்கையோடு சேர்ந்து அலை அலையான பட்டையாகத் தெரியும். பிறகு கட்டையின் தட்டையான பக்கத்தைச் சீவிப் பாருங்கள்: நெருக்கமான குறுக்கு வரிகள், குளத்து நீர் சலசலத்தாற்போல. மெர்பாவ் என்ற இன்னொரு மரத்தில் இந்த வரிகள் கிடையாது. அதன் வெளிர்த் திசு துளையைச் சுற்றி வைர வடிவில் நிற்கும், வளர்ச்சி எல்லையில் மெல்லிய தொடர்கோடு ஓடும், சில துளைகளுக்குள் கந்தக மஞ்சளில் தூள் அடைந்திருக்கும். ஈரம் பட்டால் மெர்பாவ் பழுப்புச் சாயம் விடும். இரும்பு ஆணி பட்ட இடம் கறுக்கும்.

கெம்பாஸ் மட்டமான மரம் அல்ல, வலுவானதுதான். ஆனால் மருந்தேற்றாமல் மண்ணில் நட்டால் கரையான் விடாது. செங்கால் விலை கொடுத்து அதை வாங்குவதில்தான் வயிற்றெரிச்சல்.

பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, சாயம் பூசி விற்பதும் நடக்கும். சீவினால் உள்ளே வெளிர் மஞ்சள். துளைகள் ஆரவாக்கில் இரண்டு மூன்றாகச் சேர்ந்திருக்கும். மெல்லிய குறுக்குக் கோடுகள், நடுவிலிருந்து வெளியே ஓடும் கதிர்க் கோடுகளை வெட்டி வலை பின்னியிருக்கும்.

எடையும் பார்க்கலாம். 2 × 5 × 10 செ.மீ. துண்டு 100 கன செ.மீ.; காய்ந்த துண்டின் கிராம் எடையைப் 10-ஆல் பெருக்கினால் கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்று வரும். செங்கால் 91 முதல் 98 கிராம், பால்மரம் 56 முதல் 64. கெம்பாஸ் 77 முதல் 112 வரை போகும், அதாவது செங்காலை அப்படியே விழுங்கிவிடும். ஆகவே எடை லேசான மரத்தைக் கழித்துக்கட்ட மட்டும் உதவும். மழையில் நனைந்த கட்டையை நிறுப்பதில் பொருளே இல்லை.

செங்காலையும் பாலாவையும் பிரிப்பதில்தான் லென்ஸ் திணறும். இரண்டிலும் வெள்ளைக் கோடு, இரண்டும் கனம். செங்காலைப் புதிதாகச் சீவினால் மஞ்சள் பழுப்பில் லேசான பச்சைச் சாயல் தெரியும், நாள்பட அது கருத்துவிடும். இது துணைச் சான்று மட்டுமே. கோவில் கதவு போலப் பெரிய செலவு என்றால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, எண்ணெய் படாத வைரப் பகுதியில் உள்ளங்கை அளவு துண்டு ஒன்றை அறுத்து, கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பிக் கேளுங்கள். அங்கே மெல்லிய சீவலை நுண்நோக்கியில் வைத்துப் பார்த்துச் சொல்வார்கள். பல உத்திரங்கள் வாங்குவதானால் ஒவ்வொன்றுக்கும் எண் எழுதித் தனித்தனித் துண்டு எடுங்கள். ஒரே லயத்தின் கூரையில்கூட இரண்டு மூன்று மரங்கள் கலந்திருக்கும்.