ஈராக் வம்சாவளியையும் ஐரோப்பா வம்சாவளியையும் ஒப்பிட்டு ப்ராஜெக்ட் பண்ணப்போறீங்களா, முதல்ல இத படிச்சிடுங்க

காலாப்பட்டு பக்கம் பாண்டிச்சேரி யுனிவர்சிட்டில எம்ஏ படிக்கிற பசங்க வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் இந்த மாதிரி டாபிக்க புடிச்சுட்டு வந்து நிப்பாங்க. இஸ்ரேல்ல ஐரோப்பால இருந்து வந்த யூதர் குடும்பங்களும் பாக்தாத், பஸ்ராவுல இருந்து வந்த யூதர் குடும்பங்களும் இன்னிக்கு படிப்புல, சம்பளத்துல, வீடு வாசல்ல எங்க நிக்குது, வித்தியாசம் குறைஞ்சுதா இல்லையா. டாபிக் சூப்பர்தான், ஆனா எல்லாரும் பண்றது ஒன்னுதான், நெட்ல ரெண்டு சராசரிய தேடிப்புடிச்சு எக்செல்ல பார் சார்ட் போட்டு, உசரமா இருக்கறவங்க முன்னேறிட்டாங்க குட்டையா இருக்கறவங்க பின்தங்கிட்டாங்கன்னு நாலு பக்கம் எழுதி ஸ்பைரல் போட்டு குடுத்துடறது. சராசரிய கடைசியா பாருங்க. யார் வந்தாங்க, எப்ப வந்தாங்க, கையில என்ன கொண்டுவந்தாங்க, இன்னிக்கு அந்த பேருல யார யார எண்றாங்க, இந்த நாலும் தெரியாம சராசரிக்கு அர்த்தமே கெடையாது.

நம்ம ஊர் ஆளுக்கு இது ஈசியா புரியும். 1954 நவம்பர் 1ல பாண்டிச்சேரி கைமாறுது, ஒப்பந்தம் 1956ல கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16லதான் அமலுக்கு வருது, பிரெஞ்சு குடியுரிமை வேணும்னு எழுதிக்குடுக்க ஆறு மாசம் டைம். எழுதிக்குடுத்தவங்கள்ல ராணுவத்துல, சர்க்கார் வேலையில இருந்தவங்க நிறைய பேர். இப்ப சொல்தா பென்ஷன், அதாவது பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவங்களுக்கு வர்ற பென்ஷன், வர்ற வீட்டையும் பக்கத்து வீட்டையும் வச்சு, பிரெஞ்சு பாஸ்போர்ட் வாங்குன சாதிசனம் புத்திசாலிங்க அதான் மாடி கட்டிட்டாங்கன்னு ஒருத்தன் தீசிஸ் எழுதுனா நீங்க சும்மா இருப்பீங்களா? பென்ஷன் எங்க இருந்து வருதுன்னு கேப்பீங்கல்ல. இஸ்ரேல் கதையிலயும் அதே கேள்விதான் கேக்கணும்.

மொதல்ல யார் வந்தாங்கன்னு பாருங்க. ஈராக்ல 1940கள் கடைசியில ஒரு லட்சத்து முப்பதாயிரம் யூதர் பக்கம் இருந்தாங்க. 1941 ஜூன்ல பாக்தாத்ல ஃபர்ஹூத்னு சொல்ற கலவரம், அப்புறம் இஸ்ரேல் உருவானப்ப நடந்த 1948 போர், அப்புறம் வேலை நீக்கம், கைதுன்னு நெருக்கடி. 1950 மார்ச்ல ஈராக் ஒரு சட்டம் போட்டுது, குடியுரிமைய விட்டுட்டா போயிடலாம்னு. பதிவு பண்ணவங்க பாதிப்பேர் இன்னும் ஏறவே இல்ல, 1951 மார்ச்ல அவங்க சொத்த மொத்தமா முடக்கிட்டாங்க. பெரியவங்களுக்கு தலைக்கு 50 தினார், ஒரு பெட்டி, அவ்ளோதான். எஸ்ரா நெஹெமியான்னு பேரு வச்ச அந்த விமான நடவடிக்கையில ஒரு வருஷம் சொச்சத்துல ஒரு லட்சத்து இருபதாயிரம் பேர் கிட்ட இஸ்ரேல் போய் இறங்குனாங்க. இத நோட் பண்ணிக்கோங்க, ஒரு சமூகம் கிட்டத்தட்ட முழுசா பேர்ந்து வந்திருக்கு. வக்கீல், கணக்கர், பேங்க் குமாஸ்தா, துணி வியாபாரி, கூலிக்காரன் எல்லாம் கலந்து. ரொம்ப வசதியான குடும்பங்கள்ல சிலது மட்டும் லண்டன் பக்கம் ஒதுங்கிடுச்சு.

ஐரோப்பா பக்கம் அப்படி ஒரே கும்பல் கெடையாது. 1948க்கு முன்னாடியே வந்து நிலம், கட்சி, தொழிற்சங்கம், ஆபீஸ்னு எல்லாத்தையும் கட்டி உக்காந்தவங்க ஒரு வகை. 1933க்கு அப்புறம் ஜெர்மனில இருந்து கொஞ்சம் மூலதனத்தோட வந்தவங்க இன்னொரு வகை. நாஜி முகாம்ல குடும்பத்தையே பறிகுடுத்துட்டு 1948க்கு அப்புறம் வெறுங்கையோட வந்தவங்க மூணாவது. 1989ல இருந்து பழைய சோவியத் நாடுகள்ல இருந்து வந்த பத்து லட்சம் பேர் நாலாவது, அதுல இன்ஜினியர், டாக்டர், ம்யூசிக் வாத்தியார் எல்லாம் நிறைய. இந்த நாலையும் ஐரோப்பான்னு ஒரு டப்பாவுல போட்டு குலுக்கினா என்ன நம்பர் வரும், அது யாரோட நம்பர்?

அதனால என்னோட யோசனை, ஜோடிய சரியா புடிங்க. ஈராக்காரங்க 1950-51ல வந்தாங்க, அதே சமயத்துல, 1948ல இருந்து 51க்குள்ள, ருமேனியால இருந்தும் ஒரு லட்சத்துக்கு மேல வந்தாங்க. ரெண்டு பேரும் அதே ஏழை நாட்டுல அதே ரேஷன் காலத்துல இறங்குனவங்க. அந்த ரெண்டு பேரோட பிள்ளைங்கள ஒப்பிட்டா அது நியாயமான ஒப்பீடு. முப்பது வருஷம் முன்னாடியே வந்து கமிட்டி மெம்பர் ஆனவன் பேரனோட பாக்தாத்காரன் பேரன ஒப்பிடறது வேற கேள்வி, அதையும் கேக்கலாம், ஆனா வேற தலைப்புல கேளுங்க.

இறங்குன இடத்தையும் பாக்கணும். ஏர்போர்ட்ல டிடிடி பவுடர் அடிச்சு, மாபரான்னு சொல்ற தற்காலிக முகாம்ல டென்ட்டும் தகரக் கொட்டாயும். சில குடும்பம் வருஷக்கணக்குல அங்கயே. ஆனா ஈராக்காரங்க முகாம் நிறைய டெல் அவிவ் சுத்துவட்டாரத்துல இருந்துது, அதனால பின்னாடி ராமத் கான், ஓர் யெஹூதா மாதிரி இடத்துல நின்னுட்டாங்க, வேலைக்கு பஸ் ஏறுனா போயிடலாம். 1954க்கு அப்புறம் மொராக்கோல இருந்து வந்தவங்கள கப்பல்ல இருந்து இறங்குன கையோட டிமோனா மாதிரி தொலைதூர புது ஊருக்கு அனுப்பிட்டாங்க. ரெண்டு பேரையும் மிஸ்ராஹின்னு, அதாவது மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்காவுல இருந்து வந்த யூதர்னு, ஒரே பேருல சொல்வாங்க, ஆனா மூணு வருஷ வித்தியாசம் ஒரு தலைமுறையோட பள்ளிக்கூடத்தையே மாத்திடுச்சு. ஆகவே மிஸ்ராஹி டேபிள எடுத்து ஈராக்னு தலைப்பு போடாதீங்க, நிறைய பேர் இத பண்றாங்க, பாத்தா எனக்கு எரிச்சல் வரும்.

இப்ப முக்கியமான சமாச்சாரம், யார எண்றாங்க. இஸ்ரேல் புள்ளிவிவர ஆபீஸ் காலகாலமா எடுத்துட்டு வந்த முறை இதுதான்: ஒருத்தர் வெளிநாட்டுல பொறந்தா அவர் பொறந்த நாடு, இஸ்ரேல்ல பொறந்தா அவங்க அப்பா பொறந்த நாடு, அப்பாவும் இஸ்ரேல்ல பொறந்திருந்தா பூர்வீகம் இஸ்ரேல்னே போட்டுடுவாங்க. அம்மா எங்க பொறந்தாங்கறது கணக்குலயே வராது. ஒரு குடும்பத்த பேப்பர்ல எழுதிப் பாருங்க. பாக்தாத்ல 1941ல பொறந்த பையன், பத்து வயசுல ஃப்ளைட் ஏறுறான். அவனுக்கு 1968ல ராமத் கான்ல ஒரு மகன் பொறக்கறான், அவன் பூர்வீகம் ஈராக், ஆசியா கணக்கு. அந்த மகனுக்கு 1996ல ஒரு பொண்ணு. அந்த பொண்ணு பூர்வீகம்? இஸ்ரேல். பாட்டி வீட்டு வெள்ளிக்கிழமை சாப்பாடு வரைக்கும் எல்லாம் பாக்தாத்தா இருக்கலாம், டேபிள்ல அவ காணாமப் போயிட்டா. ஒரு பொண்ணு இல்ல, ஒரு தலைமுறையே.

இதனால என்ன ஆகுதுன்னா, பழைய முறையில போட்ட டேபிள்ல ஈராக்னு இருக்கறவங்க எல்லாம் இப்ப பெருசுங்களும் அம்பது அறுபது வயசு ஆளுங்களும்தான். ஐரோப்பா அமெரிக்கா வரிசையிலயோ 1990கள்ல வந்த ரஷ்யக் குடும்பத்து இளசுங்க இருக்காங்க. ஒரு பக்கம் ரிட்டயர் ஆகப்போறவன், இன்னொரு பக்கம் சாஃப்ட்வேர் கம்பெனியில புதுசா சேந்தவன், ரெண்டு பேர் சம்பளத்த பக்கத்துல பக்கத்துல வச்சு ஏதோ கண்டுபுடிச்ச மாதிரி எழுதிடாதீங்க. வயச கட்டுங்க, முப்பதுல இருந்து நாப்பத்தஞ்சுன்னா ரெண்டு பக்கமும் அதே. 1983, 1995 மக்கள்தொகை கணக்கெடுப்ப எடுத்துக்கிட்டா ரெண்டாம் தலைமுறை வேலை பாக்கற வயசுல இருக்கும், அங்க ஒப்பீடு சுத்தமா வரும். மூணாம் தலைமுறை வேணும்னா தாத்தா பாட்டி எங்க பொறந்தாங்கன்னு பதிவு பண்ண டேட்டாவுலதான் முடியும், அது இல்லன்னா அந்த கேள்விய விட்டுடுங்க.

கலப்புக் கல்யாணம் வேற இருக்கு. அப்பா ஈராக், அம்மா போலந்துன்னா பிள்ளை எந்த பக்கம்? அப்பா கணக்குன்னு வச்சா ஈராக், ஆனா அப்படி கல்யாணம் பண்ணவங்க பொதுவா கொஞ்சம் படிச்சவங்களா இருந்தா உங்க ஈராக் நம்பர் தன்னால ஏறும். ரூல நீங்களே முன்னாடி முடிவு பண்ணி முதல் பக்கத்துலயே எழுதிடுங்க, நம்பர் வந்தப்புறம் முடிவு பண்ணா அது ஏமாத்து வேலை.

பணத்துக்கு வருவோம். 1952ல மேற்கு ஜெர்மனி இஸ்ரேல் அரசாங்கத்துக்கு 300 கோடி மார்க் குடுக்க ஒத்துக்குச்சு, அதுபோக நாஜிக் கொடுமையில தப்பிச்சவங்களுக்கு தனித்தனியா இழப்பீடும் மாசாமாசம் பென்ஷனும் வந்துது. அந்த பணத்துக்குப் பின்னாடி இருக்கற துயரத்த யாரும் தராசுல வைக்க முடியாது, நான் அதப் பத்தி பேசல. வீட்டு வருமானம்னு வரும்போது அந்த தனிநபர் பணம் வந்தது முக்கியமா ஐரோப்பாக் குடும்பங்களுக்கு, பாக்தாத்ல முடக்குன சொத்து யாருக்கும் திரும்பி வரல. அந்த பணத்துல ஒரு ஃப்ளாட் வாங்குனவன் வீட்டு விலை ஏறுனதுல மறுபடி பணக்காரன் ஆனான், அது பிள்ளைக்கு போச்சு. சொல்தா பென்ஷன் மேட்டர் இங்கதான் அப்படியே பொருந்துது. ஆகவே சம்பளம் தனி, சொத்து தனின்னு ரெண்டு டேபிள் போடுங்க. சம்பள வித்தியாசம் குறைஞ்சப்புறமும் சொத்து வித்தியாசம் நிக்கும்.

சராசரிக்கும் நடு மதிப்புக்கும் வித்தியாசம் தெரியாதவங்களுக்கு ஒரு தெருக்கணக்கு, கற்பனைதான். முத்தியால்பேட்டைல அஞ்சு வீடு, மாச வருமானம் 20,000, 22,000, 25,000, 28,000, அஞ்சாவது வீட்டுக்கு யூரோ பென்ஷன், 1,20,000. சராசரி 43,000 வரும், அந்த தெருவுல அந்த வருமானம் உள்ள வீடே கெடையாது. நடு மதிப்பு 25,000. வருமானத்துக்கு எப்பவும் நடு மதிப்பு போடுங்க, கூடவே கீழ்க் கால் பங்கும் மேல்க் கால் பங்கும் எங்க நிக்குதுன்னு சொல்லுங்க.

இன்னொரு பொறி இருக்கு, இத கவனிக்காம விட்டவங்க ரொம்ப பேர். இஸ்ரேல்ல தீவிர மதவாதிகள், ஹரேதிம்னு சொல்வாங்க, அதுல பெரும்பங்கு ஐரோப்பா வம்சாவளி. நிறைய ஆம்பளைங்க வேலைக்கு போகாம மதப் படிப்புலயே இருப்பாங்க, வீட்டுக்கு ஆறு ஏழு பிள்ளைங்க சாதாரணம். தலைக்கு இவ்ளோன்னு வீட்டு வருமானத்த வகுத்தா ஐரோப்பா நம்பர் தடால்னு இறங்கும், மணிக்கு இவ்ளோ சம்பளம்னு எடுத்தா ஏறும். ஒரே நாடு ஒரே வருஷம், அளவுகோல மாத்துனா வேற பதில் வரும். அதனால மணிக்கூலி, வீட்டு வருமானம் ரெண்டையும் போட்டுக் காட்டுங்க, ஹரேதிம சேத்தும் சேக்காமயும். ஆம்பள பொம்பள தனித்தனியா போடணும், இது சொல்லவே வேண்டியதில்ல.

படிப்புல டிகிரி மட்டும் எண்ணாதீங்க. நம்ம ப்ளஸ் டூ மாதிரி அங்க பக்ரூத்னு ஒரு பரீட்சை, அத பாஸ் பண்ணாதான் யுனிவர்சிட்டி. 1960, 70கள்ல ஆசியா ஆப்பிரிக்கா குடும்பத்துப் பசங்க நிறைய பேர தொழிற்கல்விப் பக்கம் தள்ளிவிட்டுட்டாங்க, அங்க படிச்சவனுக்கு முழு பக்ரூத் கிடைக்கறது கஷ்டம். ஸோ ரெண்டாம் தலைமுறையில டிகிரி கம்மின்னு பாத்தா, அந்த பையன் ஆசைப்படலயா இல்ல கதவே சாத்திருந்துதான்னு தேடணும். 1990கள்ல புது காலேஜுங்க நிறைய வந்து டிகிரி எல்லாருக்கும் ஏறிடுச்சு, அப்ப யுனிவர்சிட்டியா காலேஜா, எந்த பாடம்னு பிரிச்சாதான் மீதி வித்தியாசம் தெரியும்.

காரணம் எழுதற இடத்துல கலாச்சாரம்னு ஒரு வார்த்தைய எழுதிட்டு தப்பிக்காதீங்க. பாக்தாத் யூதர்களுக்கு 1864லயே பிரான்ஸ் யூதர் அமைப்பு ஒன்னு நடத்துன அலையன்ஸ் பள்ளிக்கூடம் இருந்துது, புது ஈராக்கோட முதல் நிதி அமைச்சரே சசூன் எஸ்கெல்னு ஒரு யூதர். அதே பாக்தாத்ல இருந்து 1832ல பம்பாய் வந்த டேவிட் சசூன் குடும்பம் எவ்ளோ உசரத்துக்கு போச்சுன்னு கொலாபாவுல சசூன் டாக்க பாத்தவங்களுக்கு தெரியும். கல்கத்தா பாக்தாதி குடும்பத்துப் பையன்தான் 1971ல டாக்காவுல பாகிஸ்தான் ராணுவம் சரணடையறத பேசி முடிச்ச ஜெனரல் ஜேக்கப். சசூன் வியாபாரியா வந்தாரு, 1951ல மாபராவுக்கு வந்தவன் பெட்டியோட வந்தான், அதனால இதையும் நேரடியா ஒப்பிட முடியாதுதான், ஆனா கலாச்சாரம் ஒன்னே போதும்னா இந்த ரெண்டு கதையும் ஒரே மாதிரி முடிஞ்சிருக்கணும்.

சாம்பிள் சின்னதா இருந்தா ஓப்பனா சொல்லிடுங்க. அங்க வருஷா வருஷம் எடுக்கற சமூக சர்வேயில 20 வயசு தாண்டுன ஒரு 7,500 பேர் கிட்ட கேப்பாங்க, அதுல ஈராக் மட்டும், அதுலயும் உங்க வயசு வரம்பு, அதுலயும் பொம்பளைங்க மட்டும்னு வெட்டிட்டே போனா கையில நாப்பது அம்பது பேர்தான் நிப்பாங்க. நாலஞ்சு வருஷத்த சேத்துக்கோங்க, இல்லன்னா சதவீதத்த தசம புள்ளியோட எழுதாதீங்க, பாக்கவே காமெடியா இருக்கும்.

வைவாவுல எக்ஸ்டர்னல் எக்சாமினர் கட்டாயம் ரெண்டு கேள்வி கேப்பாரு. ஒன்னு, அந்த நாட்டு ஜனத்தொகையில அஞ்சுல ஒரு பங்கு அரபு குடிமக்கள், அவங்க உங்க டேபிள்ல எங்க? ஒப்பீடு யூதர் குடும்பங்களுக்குள்ள மட்டும்னு தலைப்புலயே போட்டிருந்தா பிரச்சனை இல்ல, இஸ்ரேல்ல சமத்துவம்னு பெருசா தலைப்பு வச்சிருந்தா மாட்டுனீங்க. ரெண்டாவது, லண்டனுக்கோ கனடாவுக்கோ திரும்ப கெளம்பிப் போன ஈராக் குடும்பங்கள் என்ன ஆச்சு? அவங்க இஸ்ரேல் டேட்டாவுல வரமாட்டாங்க, இங்க இருந்து பாரிஸ் போய் செட்டில் ஆன குடும்பம் பாண்டிச்சேரி ரேஷன் கார்டு கணக்குல வராத மாதிரி. இது ரெண்டையும் வரம்புகள்னு ஒரு பக்கத்துல நீங்களே எழுதி வச்சுட்டா அவர் தலையாட்டிட்டு அடுத்த ஆள கூப்புடுவாரு.