அலுவலகம் வளர்ந்தது, என் மேசைதான் தடையாக நின்றது

4 பேரோடு தொடங்கிய எங்கள் கட்டடக்கலை அலுவலகம் ஐந்தாண்டுகளில் 11 பேராக வளர்ந்தது. ஆனால் வரைபடங்கள் வெளியே போவது தாமதமாகிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தாளும் என் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்ததுதான் காரணம். அது எனக்கு மட்டும் தெரியவில்லை.

ஒரு நாள் கட்டுமான இடத்திலிருந்து பொறியாளர் அழைத்தார். "சார், தள வரைபடத்தில் 18 படிகள், படிக்கட்டு விவரத்தில் 16. எதைக் கட்டுவது?" திருத்தத்துக்கு முந்தைய தாள் ஒன்று அவர் கைக்குப் போயிருந்தது. நல்லவேளை, கான்கிரீட் போடும் முன்பே கேட்டார்.

அன்று மாலையே ஒரு பதிவேடு தொடங்கினோம்: வரைபட எண், எத்தனையாவது திருத்தம், தேதி, யாரிடம் கொடுத்தோம். பழைய தாளில் 'ரத்து' முத்திரை. சரிபார்க்கும் பொறுப்பை மூத்தவர்கள் இருவருக்குப் பிரித்துக் கொடுத்தேன். முதல் மாதம் சும்மா இருக்க முடியாமல் அவர்கள் தோளுக்குப் பின்னால் போய் நின்றேன், ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்தது நேரக் குறிப்பு: எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று ஒவ்வொருவரும் எழுதிவைப்பது. எல்லோரும் முணுமுணுத்தார்கள். மூன்று மாதக் கணக்கைப் பார்த்தால், பாதிக்கு மேற்பட்ட நேரத்தைக் கட்டுமான வரைபடங்களே விழுங்கியிருந்தன. கட்டணத் தவணையோ அந்தக் கட்டத்தில்தான் மிக மெலிந்திருந்தது. புதிய ஒப்பந்தங்களில் அதை மாற்றினேன்.

இப்போது ஆறு மாதத்துக்குக் கையெழுத்தான வேலை இருந்தால்தான் புதிய ஆளை எடுக்கிறேன். போன மாதம் ஒரு வீட்டை வடிவமைக்கும் வேலையை மறுத்தேன். இரண்டு மாதம் காத்திருப்பதாக வாடிக்கையாளரே சொன்னார்.