விளையாடித் தீராத உலகை நாவலாக முடிப்பது எப்படி

ஸ்கைரிம் என்ற வீடியோ விளையாட்டு வந்தது 2011-இல். அதை முழுக்க முடித்துவிட்டதாகச் சொல்பவர்கள் இன்றும் குறைவு. முக்கியக் கதையை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் சுமார் 30 மணி நேரம் ஆகும். குகை, கோட்டை, சங்கம், சில்லறை வேலை என்று இறங்கினால் கணக்கே கிடையாது. எங்கும் போகலாம், எதையும் செய்யலாம், பிடிக்காவிட்டால் முன்பு சேமித்துவைத்த கட்டத்தை லோடு செய்து மறுபடி ஆரம்பிக்கலாம். விளையாடுபவருக்குச் சுகமான இந்த ஏற்பாடு, எழுதுபவரின் காலை வாரிவிடும். திரும்பப் பெறவே முடியாத ஒன்று போகும்போதுதான் வாசகர் பக்கத்தைத் திருப்புவார். அதனால் இப்படித் திறந்துகிடக்கும் ஓப்பன் வேர்ல்டு விளையாட்டை நாவலாக்கும் வேலையில் பெரும்பகுதி, அதிலுள்ள வழிகளை ஒவ்வொன்றாக அடைப்பதுதான். இங்கே ஸ்கைரிமை உதாரணமாக வைத்துக்கொள்வோம். முறை மற்ற விளையாட்டுகளுக்கும் பொருந்தும்.

உரிமை விஷயத்தை முதலிலேயே முடித்துவிடலாம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு படைப்பைத் தழுவி எழுதும் உரிமை அதன் உரிமையாளருக்கே. அந்த ஊர்கள், பாத்திரங்கள், விளையாட்டுக்குள் அலமாரிகளில் கிடக்கும் புத்தகங்களின் வாசகங்கள் எதையும் அனுமதி இல்லாமல் விற்பனைக்கான நாவலில் வைக்க முடியாது. இலவசமாகக் கொடுத்தால் உரிமை தானாக வந்துவிடும் என்பதும் தவறான எண்ணம். டிராகன், உள்நாட்டுப் போர், மலையுச்சி மடம் போன்ற பொதுவான சரக்கு யாருக்கும் சொந்தமில்லை. எனவே பழகுவதற்கு அசல் பெயர்களோடு முதல் வரைவை எழுதலாம். அச்சுக்குப் போவதென்றால் இரண்டாம் வரைவில் பெயர், நிலப்படம், வரலாறு மூன்றையும் மாற்ற வேண்டும். பெயரை மட்டும் மாற்றினால் போதாது.

நோட்டும் கையுமாக ஒரு ஆட்டம்

புதிய பாத்திரத்தில் ஆரம்பித்து, எழுதுவதற்காகவே ஒரு முறை விளையாடுங்கள். ஃபாஸ்ட் டிராவல், அதாவது நிலப்படத்தில் ஊரைத் தேர்ந்தெடுத்து நடக்காமலே போய்ச் சேர்வது, கூடாது. பேச்சில் ஒரு பதிலைத் தேர்ந்தெடுத்தால் அதுவே முடிவு, மறுபடி லோடு செய்து வேறு பதிலைப் பார்ப்பது கூடாது. செத்தால் லோடு செய்யலாம், ஆனால் எப்படிச் செத்தீர்கள் என்பதை எழுதிவைக்க வேண்டும். ஒரே பாலத்தில் ஏழு முறை விழுந்து செத்திருந்தால், அந்த ஏழும் பின்னால் வரும் துணைப் பாத்திரங்களுக்கான மரணங்களும் காயங்களும்தான். கதாநாயகன் பிழைக்கிற ஒரு முறைக்கு மதிப்பு வருவதே, அவன் கண்முன் இன்னொருவர் விழுந்திருப்பதால்.

இருநூறு பக்க லாங் சைஸ் நோட்டை எடுத்து, விரித்த இரு பக்கங்களிலும் சேர்த்து ஆறு பத்திகள் கோடு போடுங்கள்: இடம், கேட்டவர், கேட்டது, கிடைத்தது, இழந்தது, மாறியது. ஒரு க்வெஸ்டுக்கு, அதாவது விளையாட்டு கொடுக்கும் ஒவ்வொரு வேலைக்கும், ஒரு வரி. வைட்ரன் நகருக்கு மேற்கே உள்ள காவல் கோபுரத்தில் மிர்முல்னிர் என்ற டிராகனைக் கொல்லும் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். டிராகனின் உயிராற்றல் கதாநாயகனுக்குள் இறங்குகிறது, காவலர்கள் அத்தனை பேரும் பார்க்கிறார்கள். இழந்தது என்ற பத்தியில் ‘யாரென்று தெரியாமல் வாழும் வாய்ப்பு’ என்று எழுதலாம். மாறியது என்ற பத்தியில், மலையுச்சித் துறவிகளிடமிருந்து வரும் அழைப்பு. இந்த வரி நாவலில் நிற்கும். ‘இன்னொரு குகை, இன்னொரு கொள்ளைக்காரத் தலைவன், கொஞ்சம் பொன்’ என்ற வரியில் கடைசி இரண்டு பத்திகளும் காலியாகவே இருக்கும்.

ஐந்தாம் பத்தி காலியாக உள்ள எல்லா வரிகளையும் சிவப்பு மையால் அடியுங்கள். அறுபது வரிகள் இருந்தால் பதினைந்து மிஞ்சினாலே பெரிது. அதிலிருந்து பன்னிரண்டைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றுக்கு ஐயாயிரம் சொற்கள், இரண்டு அத்தியாயங்கள் என்று வைத்தால் அறுபதாயிரம் சொற்கள் வரும். எழுத்தளவைப் பொறுத்து டெமி என்ற புத்தக அளவில் 240 முதல் 270 பக்கம். முதல் நாவலுக்கு அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

சங்கங்களில்தான் பலரும் வழுக்குகிறார்கள். ஒரே ஆள் போர்வீரர் கூட்டத்துக்கும் மந்திரக் கல்லூரிக்கும் திருடர் சங்கத்துக்கும் தலைவராகி, கொலைகாரர் கூட்டத்தையும் நடத்த விளையாட்டு அனுமதிக்கிறது. நாவலில் இது கேலிக்கூத்து. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, இன்னொன்றை எதிரி ஆக்குங்கள். மற்ற இரண்டும் வதந்தியாகக் காதில் விழுந்தால் போதும்.

காத்துக்கொண்டே இருக்கும் வில்லன்

ஸ்கைரிமின் வில்லன் அல்டூயின் என்ற டிராகன், உலகையே விழுங்க வந்தவன். ஆனால் நீங்கள் வீடு கட்டி, கல்யாணம் செய்து, முட்டைக்கோஸ் பறித்து முடிக்கும் வரை பொறுமையாகக் காத்திருப்பான். விளையாட்டில் அவனுக்கு நாள் குறிக்கப்படவில்லை. அதை நீங்கள்தான் குறிக்க வேண்டும்.

இதற்கான பாடம் மதுரைக்காரர்களுக்கு வருஷா வருஷம் வீட்டு வாசலிலேயே நடக்கிறது. கள்ளழகர் அழகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 21 கி.மீ. வருகிறார். வழிநெடுக மண்டகப்படிகள், ஒவ்வொன்றிலும் நிறுத்தம், மரியாதை, கூட்டம். அமைப்பாகப் பார்த்தால் அத்தனையும் பக்க க்வெஸ்டுகள். ஆனாலும் தொய்வில்லை. சித்ரா பௌர்ணமிக்கு ஆற்றில் இறங்கியாக வேண்டும் என்று நாள் குறித்திருக்கிறது. தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்கு வந்தவர் வைகையில் கால்வைக்கும்போது கல்யாணம் முடிந்துவிட்டது என்று ஊர் சொல்கிறது. ஊருக்குள் போகாமல் வண்டியூர்ப் பக்கம் திரும்பிவிடுகிறார். வழியில் நின்ற ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அந்தத் தாமதத்தில் ஒரு பங்கு உண்டு. உங்கள் கதாநாயகன் ஒரு விவசாயிக்கு உதவ மூன்று நாள் செலவழித்தால், அந்த மூன்று நாளில் வேறெங்கோ ஒரு ஊர் எரிந்திருக்க வேண்டும். இந்தக் கணக்கை நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாள்காட்டியாகவே போட்டுவையுங்கள்: முதல் நாளிலிருந்து தொண்ணூறாம் நாள் வரை, இடப்பக்கம் நாயகன், வலப்பக்கம் வில்லன். வலப்பக்கம் தொடர்ந்து ஐந்து நாள் காலியாக இருந்தால், அங்கே கதை தூங்குகிறது.

எதையும் வெட்ட மனமில்லை, எல்லாப் பக்கக் கதைகளும் வேண்டும் என்றால் இன்னொரு வடிவம் இருக்கிறது. திருவிளையாடற் புராணம் 64 விளையாடல்களை மதுரை, கூடல், திருவாலவாய் என்று மூன்று காண்டங்களில் கோத்திருக்கிறது. கேட்பவர் மாறுகிறார், பாண்டியர் தலைமுறைகள் மாறுகின்றன, ஊர் மட்டும் மாறவில்லை. அப்படி ஒரு நகரத்தையே நாயகனாக்கி, பன்னிரண்டு பேரின் பன்னிரண்டு கதைகளை எழுதலாம். கடினமான வடிவம், ஆனால் நேர்மையானது. அதில் கவனிக்க இன்னொன்றும் உண்டு: மதுரையை அழிக்க ஏவப்பட்ட யானையும் பாம்பும் பசுவும் இன்றுவரை யானைமலையாக, நாகமலையாக, பசுமலையாகக் கிடக்கின்றன. சண்டை நடந்ததற்கு நிலமே சாட்சி. ஸ்கைரிமிலோ, துடைத்தெடுத்த குகையில் விளையாட்டுக் கணக்கில் 30 நாள் கழித்து அதே கொள்ளைக்காரர்கள் மறுபடி உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு பெரிய சண்டைக்குப் பிறகும் நிலத்தில் என்ன மாறிக் கிடக்கிறது என்று ஒரு வரியாவது எழுதுங்கள்.

தூரம்

ஸ்கைரிமின் நிலப்படம் சுமார் 37 சதுர கி.மீ. மதுரை மாநகராட்சி சுமார் 148. ஒன்பது ஆட்சிப் பகுதிகள் கொண்ட ஒரு நாடு முழுதும் மாநகராட்சியின் கால்வாசியில் அடங்கிவிடுகிறது. அந்தப் படத்தை அப்படியே நம்பினால் படைகள் காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடும்.

படத்தை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பிடியுங்கள். இந்த விளையாட்டில் நேரம் 20 மடங்கு வேகத்தில் ஓடுகிறது, ஒரு நாள் 72 நிமிடத்தில் தீர்ந்துவிடும். நிஜத்தில் மூன்று நிமிடம் நடந்தால் அங்கே ஒரு மணி நேரம். மனிதர் சமவெளியில் மணிக்கு 4 கி.மீ. நடப்பார் என்று வையுங்கள். இரண்டு ஊர்களுக்கு இடையே ஓடாமல் நடந்து 24 நிமிடம் ஆனால், நாவலில் அது எட்டு மணி நேர நடை, 32 கி.மீ., அதாவது முழு நாள். அழகர்கோவிலிலிருந்து மதுரை தூரம் விளையாட்டில் ஏறத்தாழ 16 நிமிடம். மலைப்பாதை, பனி, சுமை இருந்தால் தூரத்தைப் பாதியாக்குங்கள், நேரத்தைத் தொடாதீர்கள்.

ஏற்றத்தை உடம்பால்தான் தெரிந்துகொள்ள முடியும். மலையுச்சித் துறவிகளின் மடமான ஹை ஹ்ரோத்கருக்குப் போகும் வழியை ஏழாயிரம் படிகள் என்கிறார்கள். விளையாட்டில் இருப்பவை ஆயிரத்துக்கும் குறைவு, நாயகனுக்கு மூச்சும் வாங்குவதில்லை. கீழக்குயில்குடி சமணர் மலையில் பாறையில் வெட்டிய படிகளில் பத்துக் கிலோ பையோடு ஏறுங்கள். ஐம்பது படிக்கு ஒரு தரம் நின்று, உடம்பில் எது முதலில் வலிக்கிறது, பேச்சு எப்போது நின்றுபோகிறது, கண் எங்கே பார்க்கிறது என்று குறியுங்கள். கிடைக்கும் பத்து வரி, நாவலில் ஒரு முழு அத்தியாயத்தைத் தாங்கும்.

காயமும் சுமையும்

அறுபதாயிரம் சொற்களில் ஐந்து சண்டை போதும், ஆறு என்றால் ஒன்று வீண். விளையாட்டில் நடுச்சண்டையில் மெனுவைத் திறந்து பாலாடைக்கட்டியை முழுங்கினால் உயிர் ஏறும். நாவலில் காயத்துக்கு நாள் கணக்கு உண்டு: தையல் பிரிக்க ஏழிலிருந்து பத்து நாள், விலா எலும்பு சேர ஆறு வாரம். அதை அந்தத் தொண்ணூறு நாள் நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். மூன்றாம் சண்டையில் விலா உடைந்தவன் நான்காவதில் வில்லை முழுசாக இழுத்தால் வாசகர் கவனித்துவிடுவார். மருந்துக்குப்பி வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் நாவல் முழுக்க மூன்றே குப்பி, ஒன்று தவறான ஆளுக்குச் செலவாக வேண்டும்.

சுமையும் அப்படியே. விளையாட்டில் சுமக்கக்கூடிய எடையின் ஆரம்ப வரம்பே 300 அலகு. பகல் முழுக்க நடப்பவரால் 15, 20 கிலோதான் சுமக்க முடியும். பதினோரு பொருள்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் இரண்டு முறையாவது பயன்படுகிறதா என்று பாருங்கள். லெவல் ஏறுவதை, அதாவது நாயகனின் திறமை கூடுவதை, சொல்லிக் காட்ட வேண்டாம். ஒரே பூட்டை நாவலின் மூன்று கட்டங்களில் திறக்கவையுங்கள். முதலில் முடியவில்லை, பிறகு நேரமாகிறது, கடைசியில் சட்டென்று திறக்கிறது, உள்ளே பார்க்கக்கூடாததைப் பார்க்கிறான்.

மொழியில் வரும் சிக்கல்கள்

நாயகன் ஆணா பெண்ணா என்று விளையாட்டு உங்களிடம் கேட்கும். தமிழ் கேட்காது, வினைமுற்றிலேயே சொல்லிவிடும். ‘வந்தேன்’ என்றால் தெரியாது, ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்றால் தெரிந்துவிடும். மறைத்து வைக்கும் எண்ணமிருந்தால் தன்மையில் எழுதுங்கள், இல்லாவிட்டால் முதல் பக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். டிராகன் அதுவா அவனா? மிருகமாக வரும்போது ‘அது’, வாய் திறந்து பேசிய வரியிலிருந்து ‘அவன்’. அந்த மாற்றமே ஒரு திடுக்கிடல்.

ஆங்கிலத்தில் சிறு பிள்ளையும் சிற்றரசனும் டிராகனும் நாயகனை ஒரே சொல்லால் அழைக்கிறார்கள். தமிழில் ஒவ்வொரு ஜோடிக்கும் நீ, நீர், நீங்கள் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதுங்கள். வைட்ரனை ஆளும் ஜார்ல் வந்தவனை ‘நீ’ என்கிறார், டிராகன் விழுந்த மறுநாள் ‘நீர்’ என்கிறார். காவலுக்கு வந்த லிடியா எப்போதும் ‘நீங்கள்’. அம்பு வரும் ஒரே ஒரு நொடியில் மட்டும் ‘குனிடா!’ என்று கத்தட்டும். அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்வது பழையபடி இருக்காது.

வட்டார வழக்கை அளந்து போடுங்கள். பனி கொட்டும் ஊரில் ஒரு கொல்லன் ‘அங்கிட்டுப் போயிராதப்பு’ என்றால் வாசகர் மனம் நேராக மாட்டுத்தாவணிக்குப் போய்விடும். நிலத்தையே நம் பக்கமாக மாற்றி எழுதுகிறீர்கள் என்றால் தாராளமாகப் போடலாம். இல்லையென்றால் ஊர் தெரியாத எளிய பேச்சுநடை. உவமையும் அப்படித்தான்: அந்த நாட்டவருக்குத் தெரிந்த உப்பு, சாம்பல், கம்பளி, மாவு. மல்லிகை போலப் பனி விழக் கூடாது.

பெயர் வைக்கும்போது ஐ, உக்கு, இல், ஓடு நான்கையும் சேர்த்துச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். ஹ்ரோத்கர் மாதிரி மெய்க்கூட்டத்தில் தொடங்கும் பெயர் மூன்று பக்கத்திலேயே நாக்கைக் களைப்பாக்கும். பிறகு பெயர் மாற்றும்போது ஒரு பொறி இருக்கிறது. ‘அல்டூயின்’ என்று தேடினால் ‘அல்டூயினை’, ‘அல்டூயினுக்கு’ பெரும்பாலும் சிக்காது, ஏனென்றால் அங்கே புள்ளி இல்லை. கடைசி எழுத்தின் புள்ளியை விட்டு, ‘அல்டூயின’ என்று தேட வேண்டும். புதிய பெயரும் னகர மெய்யிலேயே முடியட்டும். மகரத்தில் முடியும் பெயரை வைத்தால் ‘மகரத்தை’, ‘மகரத்துக்கு’ என்று வேற்றுமை வடிவம் முழுக்க மாறி, நூற்றுக்கணக்கான இடங்களைக் கையால் திருத்த நேரும்.

வரைவு முடிந்ததும், கண்ட்ரோலரைத் தொட்டே பார்க்காத ஒருவரிடம் கொடுங்கள். படித்து முடித்த மறுநாள், புத்தகத்தைப் பார்க்காமல் வெள்ளைத்தாளில் அந்த நாட்டின் படத்தை வரையச் சொல்லுங்கள். அவர் வரையாமல் விட்ட ஊர் எதுவோ, அங்கே நடக்கும் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு மறுபடி நோட்டின் ஐந்தாம் பத்திக்குப் போங்கள்.