மேகம் மூடிய ராத்திரியில் ஏன் புழுங்குகிறது? மொட்டை மாடியில் செய்து பார்க்க ஒரு பருவநிலைப் பாடம்

பசுமை இல்ல விளைவு என்றாலே ஒரு படம் ஞாபகத்துக்கு வரும். சூரியனிலிருந்து மஞ்சள் அம்புகள் வரும், பூமியிலிருந்து சிவப்பு அம்புகள் கிளம்பிப் பாதி வழியில் திரும்பிவிடும். அந்தச் சிவப்பு அம்பு புரிந்துவிட்டால் பருவநிலை மாற்றத்தில் பாதி புரிந்த மாதிரி. அதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, வீட்டிலேயே உணரலாம்.

முதலில் கை போதும். நன்றாக வெயில் அடித்த நாளில், சூரியன் மறைந்து அரை மணி நேரம் கழித்து, மேற்குப் பார்த்த சுவருக்குப் பக்கத்தில் போய் உள்ளங்கையைச் சுவரில் படாமல் நான்கு விரல் தள்ளி வையுங்கள். அனல் அடிக்கும். சுவர் ஒளிரவில்லை, வெயிலும் இல்லை, ஆனாலும் ஏதோ ஒன்று உங்கள் கைக்கு வந்து சேர்கிறது இல்லையா? அதுதான் அகச்சிவப்புக் கதிர், படத்தில் இருக்கும் அதே சிவப்பு அம்பு. தரை, கடல், மரம், நம் உடம்பு எல்லாமே ராப்பகலாக இந்தக் கதிரை வெளியே விட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

அடுத்து ஒரு தெர்மாமீட்டர் வேண்டும். காய்ச்சல் பார்ப்பது உதவாது, அது உடம்புச் சூட்டை ஒட்டிய அளவுகளை மட்டும்தான் காட்டும். அறை வெப்பநிலை பார்க்கும் சாதாரண தெர்மாமீட்டரை வாங்குங்கள். மொட்டை மாடியில் திறந்த வானத்துக்குக் கீழே, துணி காயப்போடும் கம்பத்தில் நெஞ்சு உயரத்துக்குக் கட்டிவிட்டு, மாலை 7 மணிக்கு ஒரு தடவையும் விடியற்காலை 5 மணிக்கு ஒரு தடவையும் குறித்து வையுங்கள், பக்கத்திலேயே நட்சத்திரம் தெரிந்ததா, மேகம் மூடியிருந்ததா, காற்று அடித்ததா என்பதையும் எழுதுங்கள். மூன்று வாரமாவது விடாமல் செய்ய வேண்டும், நாலு நாள் கணக்கை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கார்த்திகை, மார்கழியில் தொடங்கினால் தெளிந்த ராத்திரியும் மேக ராத்திரியும் மாறி மாறிக் கிடைக்கும். மழை பெய்த ராத்திரிகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள், மழையே காற்றைக் குளிர வைத்துவிடும்.

பிறகு இரண்டு வகை ராத்திரிகளிலும் சராசரியாக எத்தனை டிகிரி இறங்கியது என்று பாருங்கள். நட்சத்திரம் கொட்டிக் கிடக்கும் ராத்திரியில் அதிகமாக இறங்கும், பனியும் விழும். மேகம் மூடினால் அவ்வளவாக இறங்காது, புழுக்கமாகவே இருக்கும். தரை விடும் அகச்சிவப்புக் கதிரை மேகமும் நீராவியும் வாங்கிக்கொண்டு ஒரு பங்கைத் திரும்பவும் கீழேயே அனுப்புவதுதான் இதற்கு முக்கியக் காரணம்.

இதே வேலையை மேகம் இல்லாத வானத்திலும் கார்பன் டை ஆக்சைடு செய்கிறது, மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் செய்கின்றன; இதைத்தான் பசுமை இல்ல விளைவு என்கிறோம். இதில் கெடுதலே இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்: இந்த விளைவே இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை இப்போதுள்ள சுமார் 15 டிகிரிக்குப் பதிலாக மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்திருக்கும். சிக்கல் அளவு கூடுவதில்தான். அதிகப்படியான நீராவி சில நாட்களில் மழையாக இறங்கிவிடும். நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரித்து நாம் சேர்த்த கார்பன் டை ஆக்சைடில் ஒரு பகுதியைக் கடலும் காடும் வாங்கிக்கொள்கின்றன, மிச்சத்தில் ஒரு பங்கு பல நூற்றாண்டுகள் காற்றிலேயே கிடக்கும். அது காற்றைச் சூடாக்க, சூடான காற்று ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்க, அந்த நீராவி இன்னும் சூடாக்கும்.

அறிவியல் கண்காட்சியில் பலரும் இரண்டு பாட்டில் வைப்பார்கள், ஒன்றில் சமையல் சோடாவும் வினிகரும் போட்டு வாயு உண்டாக்கி, இரண்டையும் விளக்குக்குக் கீழே வைத்து, எது சூடாகிறது பார் என்பார்கள். என்னைக் கேட்டால் அது வேண்டாம். கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது, பாட்டிலுக்குள் அசையாமல் தங்கும், அதனாலேயே சூடு மாறிவிடும்; அகச்சிவப்புக் கதிரை அது பிடித்ததா என்று அந்தப் பாட்டில் பிரித்துச் சொல்லாது. 1856-ல் அமெரிக்காவில் யூனிஸ் ஃபுட் என்ற பெண் கண்ணாடி உருளைகளில் வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்து, கார்பன் டை ஆக்சைடு இருந்த உருளைதான் அதிகம் சூடாவதையும், ஆறுவதற்கு வெகுநேரம் ஆவதையும் கண்டார். இந்த வாயு நிறைந்த வானம் பூமியைச் சூடாக்கும் என்று அப்போதே எழுதினார், அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது. வெப்பக் கதிரை மட்டும் தனியாக ஒரு குழாய்க்குள் அனுப்பி, எந்த வாயு எவ்வளவு பிடிக்கிறது என்று 1859-ல் அளக்கத் தொடங்கியவர் ஜான் டிண்டால் என்ற விஞ்ஞானி.

சரி, பாட்டிலுக்குப் பதில் என்ன வைக்கலாம்? உங்கள் மாடிக் கணக்கைப் படமாகப் போடுங்கள், பக்கத்தில் இன்னொரு வரைபடம். ஹவாய்த் தீவில் மௌனா லோவா மலையில் 1958-ல் சார்லஸ் கீலிங் என்ற விஞ்ஞானி தொடங்கிய அளவீடு இன்றும் தொடர்கிறது. பத்து லட்சம் பங்கு காற்றில் கார்பன் டை ஆக்சைடு எத்தனை பங்கு என்ற கணக்கு அது: 1960-ல் 317, 1970-ல் 326, 1980-ல் 339, 1990-ல் 354, 2000-ல் 370, 2010-ல் 390, 2020-ல் 414. தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 280. வரைபடத்தாளில் நீங்களே புள்ளி வைத்து, ஒவ்வொரு பத்தாண்டிலும் எவ்வளவு கூடியது என்று கழித்துப் பாருங்கள். அறுபதுகளில் 9 கூடிய இடத்தில் 2010-க்குப் பிறகு 24 கூடியிருக்கிறது. பென்சிலால் கோடு இழுக்கும்போது அது மேல்நோக்கி வளைவது கையிலேயே தெரியும்.

கண்காட்சிக்கு வருகிறவர்கள் ஓசோன் ஓட்டையைப் பற்றிக் கேட்பார்கள், அது புற ஊதாக் கதிர் சம்பந்தப்பட்டது, வேறு பிரச்சினை என்று சொல்லிவிடுங்கள். இன்னொரு கேள்வியும் நிச்சயம் வரும்: பத்தாயிரத்தில் நாலு பங்கு சொச்சமே இருக்கும் ஒரு வாயுவால் என்ன ஆகிவிடும்? காற்றில் 99 சதவீதம் நைட்ரஜனும் ஆக்சிஜனும்தான், ஒரே மாதிரி இரண்டு அணுக்கள் சேர்ந்த அந்த மூலக்கூறுகள் அகச்சிவப்புக் கதிரை அநேகமாகத் தொடுவதே இல்லை. மூன்று அணு கொண்ட கார்பன் டை ஆக்சைடு அந்தக் கதிர் பட்டதும் வளைந்து அதிர்ந்து அதை வாங்கிக்கொள்ளும். எனவே அந்தக் கதிரைத் தடுக்க வானத்தில் இருக்கும் ஆட்களே கொஞ்சம் பேர்தான், அதில் ஒருவரைத்தான் நாம் 280-லிருந்து 420-க்கு மேல் கொண்டுபோயிருக்கிறோம் என்று, வரைபடத்தில் விரலை வைத்துக் காட்டுங்கள்.