கோடையில் ஃபுளோரன்ஸ்: சென்னைத் தம்பதியருக்கு ஒரு பயண வழிகாட்டி

கத்திரி வெயிலில் வளர்ந்தவர்களுக்கு இத்தாலியின் கோடை ஒரு பொருட்டா என்ற நினைப்போடுதான் நானும் என் கணவரும் ஒரு ஜூலை மாதம் ஃபுளோரன்ஸ் நகரில் போய் இறங்கினோம். இரண்டாம் நாள் பிற்பகல் பெரிய தேவாலயத்தின் முன்னிருக்கும் கல்தரையில் நின்றபோது அந்த நினைப்பு கலைந்துவிட்டது. சென்னையில் மதியத்துக்குப் பிறகு கடற்காற்று கொஞ்சமாவது எட்டிப் பார்க்கும். மாலை ஆறரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். ஃபுளோரன்ஸோ மலைகளுக்கு நடுவே ஆற்றங்கரைப் பள்ளத்தில் அமைந்த நகரம். கடல் வெகு தொலைவு. ஜூன், ஜூலையில் சூரியன் மறைய இரவு ஒன்பது மணி ஆகிறது. ஜூலையில் பகல் வெப்பம் சராசரியாக 31, 32 பாகை செல்சியஸ்தான் என்றாலும், வெப்ப அலை வீசும் நாட்களில் அது நாற்பதை நெருங்கும். எனவே, பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் வெயிலை வைத்து நாளைப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியில் நான் சொல்ல வருவது. விடியற்காலையும் மாலையும் தெருவுக்கு உரியவை. நடுப்பகல் தடித்த சுவர்களுக்கு உள்ளே இருப்பதற்கு உரியது.

மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உள்ளவர்கள் மே மாதப் பிற்பாதியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரையுள்ள நாட்களைத் தேர்ந்தெடுக்கலாம். ஜூன் 24 அந்நகரின் காவல் புனிதரான திருமுழுக்கு யோவானின் திருநாள். அன்றிரவு ஆற்றின் மேல் வாணவேடிக்கை நடக்கும். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய நாட்களில் உள்ளூர்க்காரர்களே விடுமுறைக்குக் கிளம்பிவிடுவதால் சிறிய கடைகளும் உணவகங்களும் பூட்டிக் கிடக்கும்.

புறப்படுவதற்கு முன்

இத்தாலிக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா தேவை. பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம்; குறைந்தது பதினைந்து நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பித்துவிட வேண்டும். இந்தப் பதினைந்து நாள் கணக்கை நம்பி இருந்துவிடக் கூடாது. பள்ளி விடுமுறை நெருங்கும்போது சென்னையில் விசா மையத்தில் நேரம் கிடைப்பதே அரிதாகிவிடும் என்பதால், மே மாதம் போவதாக இருந்தால் பொங்கல் முடிந்த கையோடு வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம்.

தமிழர்களுக்கே உரிய ஒரு சிக்கலை இங்கே சொல்ல வேண்டும். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனார் பெயரின் முதலெழுத்தே முன்னால் நிற்கும். பாஸ்போர்ட்டில் அந்த எழுத்து விரிக்கப்பட்டிருக்கும், அல்லது குடும்பப் பெயருக்கான இடம் வெறுமையாக இருக்கும். விமானச் சீட்டு, காப்பீடு, ரயில் சீட்டு, அருங்காட்சியக முன்பதிவு ஆகிய எல்லாவற்றிலும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். மனைவியின் பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் சேர்க்கப்படவில்லை என்றால் பதறத் தேவையில்லை. திருமணப் பதிவுச் சான்றிதழின் நகலை விண்ணப்பத்துடன் இணைத்தால் போதும்.

சென்னையிலிருந்து துபாய், தோஹா போன்ற ஊர்களில் மாறி ரோம் நகருக்குப் போய், அங்கிருந்து ரயிலேறுவது எளிய வழி. ரோம் விமான நிலையத்திலிருந்து அந்நகரின் முக்கிய ரயில் நிலையமான தெர்மினிக்கு நேரடி ரயில் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுக்கும். அங்கிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் ஃபுளோரன்ஸின் சாந்தா மரியா நொவெல்லா நிலையத்தில் இறங்கலாம். சாதாரண வட்டார ரயிலுக்குக் காகிதச் சீட்டு வாங்கினால், ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள இயந்திரத்தில் அதைச் செருகி முத்திரையிட வேண்டும். சீட்டைப் பத்திரமாகப் பைக்குள் வைத்திருந்தும் முத்திரை இல்லாததால் நாங்கள் அபராதம் கட்டினோம்.

தங்குமிடம் பதிவு செய்யும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: குளிர்சாதன வசதி உண்டா, லிப்ட் உண்டா, ஜன்னலில் கொசுவலை உண்டா. பழைய நகரில் விடுதிகள் பல நூற்றாண்டு பழமையான கட்டடங்களில் இயங்குவதால் முதல் இரண்டும் இருந்தே தீரும் என்று சொல்ல முடியாது. மூன்றாவது கேள்வி சென்னைக்காரருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆர்னோ ஆற்றின் கொசுக்கள் நம் கூவம் கொசுக்களுக்கு எந்த வகையிலும் இளைத்தவை அல்ல. மின்னழுத்தம் நம் ஊரைப் போன்றதே என்றாலும் நம் மூன்று முனைச் செருகி அங்கே பொருந்தாது. ஒரு மாற்றுச் செருகியை எடுத்துச் செல்லுங்கள்.

ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம்

கணவன் மனைவி இருவரும் ஒரே வேகத்தில் நடப்பதும் ஒரே அளவு சிற்பம் பார்ப்பதும் அபூர்வம். என் கணவர் ஒவ்வொரு ஓவியத்தின் கீழுள்ள குறிப்பையும் வரி விடாமல் படிப்பவர். நானோ பத்துப் படங்களுக்குப் பிறகு நாற்காலி தேடுபவள். ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடத்துக்கு மேல் முன்பதிவு செய்வதில்லை என்றும், உள்ளே போனதும் தனித்தனியாகச் சுற்றிவிட்டுக் குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் சந்திப்பது என்றும் முடிவெடுத்த பிறகே எங்கள் பயணம் சுகமானது. நான்கு இரவுகள் தங்கினால் இந்தக் கணக்கு வசதியாகப் பொருந்தும். உஃபிட்ஸி, அகாதெமியா ஆகிய இரண்டு அருங்காட்சியகங்களுக்கும் திங்கட்கிழமை விடுமுறை என்பதை மட்டும் மறக்கக் கூடாது. மாதத்தின் முதல் ஞாயிறு அவற்றில் நுழைவு இலவசம். அன்று கூட்டம் தி.நகர் ரங்கநாதன் தெருவின் தீபாவளிக் கூட்டத்தை நினைவூட்டும்.

முதல் நாள் காலையை, முன்பு சொன்ன பெரிய தேவாலயத்தின் குவிமாடத்துக்கு ஒதுக்குங்கள். 1296-இல் தொடங்கப்பட்ட அந்தத் தேவாலயத்தில், ஏறத்தாழ 45 மீட்டர் அகலமுள்ள திறப்பை எப்படி மூடுவது என்று தெரியாமலே சுவர்களை எழுப்பிவிட்டார்கள். அவ்வளவு அகலத்துக்கு மரச்சாரம் கட்டுவது நடவாத காரியம். பொற்கொல்லராகத் தொழில் தொடங்கிய புரூனெல்லெஸ்கி, தரையிலிருந்து சாரம் எழுப்பாமலே, ஒன்றினுள் ஒன்றாக இரண்டு ஓடுகளைக் கொண்ட குவிமாடத்தை 1420 முதல் 1436 வரை கட்டி முடித்தார். செங்கற்களைக் கிடையாக மட்டும் அடுக்கினால் சாய்வான சுவரில் அவை சரிந்துவிடும் என்பதால், இடையிடையே செங்குத்தாகவும் செங்கற்களைச் செருகி, கலவை இறுகும்வரை ஒவ்வொரு வரிசையும் தானே நிற்கும்படி செய்தார். இதை நேரில் பார்ப்பதற்காகவே 463 படிகளையும் ஏறலாம். வழி இரண்டு ஓடுகளுக்கும் இடையிலேயே போகிறது. திருக்கழுக்குன்றம் ஏறியவர்களுக்குப் படி எண்ணிக்கை மலைப்பாகத் தோன்றாது. ஆனால் அங்கே காற்றும் வானமும் உண்டு, இங்கே இரு தோள்களும் உரசும் இடுக்கு. லிப்ட் கிடையாது, பாதியில் திரும்பி இறங்குவதும் கடினம். மூட்டு வலியோ மூச்சுத் திணறலோ உள்ளவர் கீழேயே இருந்துவிடுவது நல்லது. நேரம் குறித்த முன்பதிவு இல்லாமல் ஏற முடியாது. காலையின் முதல் வேளையையே பதிவு செய்யுங்கள். இறங்கியபின் தேவாலயத்தின் பின்புறம் போனால், மின்னல் தாக்கியதால் உச்சியிலிருந்த செப்புக் கோளம் வந்து விழுந்த இடத்தைக் காட்டும் வட்டமான பளிங்குக் கல்லைத் தரையில் காணலாம். பெரும்பாலோர் அதை மிதித்துக்கொண்டே போகிறார்கள்.

தேவாலயங்களுக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பது விதி. மேல்நாட்டுப் பயணிகள் வாசலில் காகிதப் போர்வை தேடி அலையும்போது, பருத்திச் சுடிதாரும் துப்பட்டாவும் அணிந்த நம் பெண்கள் நேரே உள்ளே போகலாம்.

அகாதெமியாவில் தாவீது சிலை ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினாலும் குற்றமில்லை. வேறு சிற்பிகள் செதுக்கத் தொடங்கிக் கைவிட்டு, பல ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடந்த பளிங்குக் கல்லிலிருந்து மைக்கலாஞ்சலோ 1501 முதல் 1504-க்குள் செதுக்கிய அச்சிலையின் உயரம் 5.17 மீட்டர். மாமல்லபுரத்துக்கு அடிக்கடி போய்வரும் நமக்குக் கருங்கல்லின் பிடிவாதம் தெரியும். பளிங்கு வேறு குணம் கொண்டது என்பதைச் சிலையின் வலக்கைப் புறத்தில் புடைத்திருக்கும் நரம்புகள் சொல்லும். 1873 வரை இச்சிலை திறந்தவெளிச் சதுக்கத்தில்தான் நின்றது. இப்போது அங்கே நிற்பது நகல்.

உஃபிட்ஸியை நடுப்பகலில் வைத்துக்கொள்ளுங்கள். பொத்திசெல்லியின் இரண்டு பெரிய ஓவியங்கள் உள்ள கூடத்தில் நெரிசல் இருக்கும். பொறுமையாக ஓர் ஓரத்தில் காத்திருந்தால் கூட்டம் அலை அலையாக விலகும். ஃபுளோரன்ஸை ஆண்ட மெதிசி குலத்தின் கடைசி வாரிசான அன்னா மரியா லுயிசா, இந்தக் கலைச் செல்வங்கள் எதுவும் நகரை விட்டு வெளியேறக் கூடாது என்று 1737-இல் உடன்படிக்கை செய்து வைத்ததால்தான் அவை இன்னும் அங்கே இருக்கின்றன.

சாந்தா குரோச்சே தேவாலயத்தைச் சென்னையிலிருந்து போகும் எவரும் விடக் கூடாது. மைக்கலாஞ்சலோ, கலிலியோ, மக்கியவெல்லி ஆகியோரின் கல்லறைகள் அங்கே உள்ளன. எனக்கோ அதைவிட அப்பகுதித் தெருச் சுவர்களில் பதிக்கப்பட்டிருக்கும் சிறு பலகைகள்தான் மனத்தில் நின்றன. 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ கரைபுரண்டபோது தண்ணீர் எந்த உயரம்வரை வந்தது என்பதை அவை காட்டுகின்றன. சில இடங்களில் கோடு நம் தலைக்கு மேலே வெகு உயரத்தில் இருக்கிறது. இத்தேவாலயத்துக்குச் சொந்தமான, சிமாபுவே வரைந்த பழம்பெரும் சிலுவை, வண்ணத்தின் பெரும்பகுதியை அந்தச் சேற்று நீரில் இழந்தது. 2015 டிசம்பரில் அடையாறு வீட்டுக்குள் புகுந்ததைப் பார்த்த என் கணவர் அந்தக் கோட்டின் கீழே வெகுநேரம் நின்றார்.

உணவும் தங்கமும்

சைவ உணவுக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ரொட்டியும் தக்காளியும் சேர்த்துக் குழைய வேகவைத்த பாப்பா அல் பொமொதோரோ நம் நாவுக்குப் பிடிக்கும். ரிபொல்லீத்தா என்ற காய்கறி ரொட்டிக் கஞ்சியில் இறைச்சிச் சாறு சேர்ப்பவர்களும் உண்டு என்பதால், ‘சென்சா கார்னே, சென்சா பெஷ்ஷே, சென்சா புரோதோ’, அதாவது இறைச்சி, மீன், எலும்புச் சாறு எதுவும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பார்மிஜானோ சீஸ் கன்றின் இரைப்பை நொதியைக் கொண்டு உறைய வைக்கப்படுவது. கண்டிப்பான சைவர்கள் அதைத் தவிர்ப்பார்கள். அவ்வூர் ரொட்டியில் உப்பே இருக்காது. ஒரு சிறு புட்டியில் பருப்புப் பொடி கொண்டுபோனால் அருமை தெரியும். இரவு உணவகங்கள் ஏழு, ஏழரைக்கு முன் திறப்பதில்லை. பில்லில் ‘கொபெர்த்தோ’ என்று தலைக்கு ஒரு சிறு தொகை இருந்தால் சண்டை போட வேண்டாம். அது வழக்கமான இருக்கைக் கட்டணம். காப்பியை நின்றபடி குடித்தால் விலை குறைவு. குழாய்த் தண்ணீர் குடிக்க ஏற்றது.

பொந்தே வெக்கியோ பாலத்தின் இருபுறமும் நகைக்கடைகள்தான். 1345-இல் கட்டப்பட்ட அப்பாலத்தில் முன்பு இறைச்சிக் கடைகள் இருந்தன. நாற்றம் தாளாமல் 1593-இல் ஆட்சியாளர் அவற்றை அகற்றிப் பொற்கொல்லர்களைக் குடியேற்றினார். அங்கே விற்பது பெரும்பாலும் 750 முத்திரையுள்ள 18 காரட் தங்கம்; நம் ஊரின் 916-ஐ மனத்தில் வைத்து விலையை ஒப்பிட்டால் கணக்குத் தவறிவிடும். வேலைப்பாட்டுக்காக வாங்கலாம், சேமிப்புக்காக வாங்குவது வீண் என்பது என் கருத்து. பாலத்தைப் பார்ப்பதற்கு அதன்மேல் நிற்பதைவிட, அடுத்துள்ள சாந்தா திரினிதா பாலத்தில் மாலை நேரம் போய் நிற்பது மேல். தெருவில் விரித்து விற்கும் போலிக் கைப்பைகளைத் தொட வேண்டாம். இத்தாலியில் வாங்குபவருக்கும் அபராதம் உண்டு.

கடைசி மாலையில் ஆற்றின் தென்கரைக் குன்றின் மேலுள்ள மைக்கலாஞ்சலோ சதுக்கத்துக்குப் பேருந்தில் ஏறிப் போங்கள். அஸ்தமனத்துக்காக அங்கே கூடும் கூட்டத்தைத் தாண்டி இன்னும் சற்று மேலே நடந்தால், ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள சான் மினியாதோ தேவாலயம் இருக்கிறது. மாலை வழிபாட்டு நேரத்தில் துறவிகள் பழைய முறையில் பாடுவதை உட்கார்ந்து கேட்கலாம். அது முடிந்து வெளியே வந்தாலும் இன்னும் வெளிச்சம் இருக்கும். இறங்கும் பாதை முழுவதும் படிகளும் சரிவான கற்களுமாக இருப்பதால், அன்றைக்கு மட்டுமாவது பிடிமானமுள்ள காலணி அணிந்து, தண்ணீர்ப் புட்டியை நிரப்பிக்கொண்டு புறப்படுங்கள்.