மேலிருந்து பார்த்தால் உங்கள் வீடு எது?

கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில், ஜாகை சென்னை கொளத்தூர். ட்ரோன் வாங்கிய புதிதில் எங்கள் மொட்டைமாடிக்கு மேல் நூறடி ஏற்றி, திரையை அம்மாவிடம் நீட்டி, "நம்ம வீடு எதும்மா?" என்று கேட்டேன். இருபத்தெட்டு வருஷமாக வடகம் காயவைத்த மாடியை அவரால் சொல்ல முடியவில்லை. தெரு முழுக்க ஒரே மாதிரி கருப்பு சின்டெக்ஸ் தொட்டி, ஒரே மாதிரி துணிக்கொடி. அதைப் பார்த்தபோது எனக்குள் ஒரு பயம் வந்தது. ஆபத்தில் நம்மைத் தேடி ஒரு ட்ரோன் வந்தால் அதை ஓட்டுகிறவருக்கு மட்டும் எப்படித் தெரியும்?

இது கற்பனையான கேள்வி இல்லை. 2023 ஜூனில் அடையாறில் சென்னை காவல்துறையின் ட்ரோன் பிரிவு தொடங்கியது. 3.6 கோடி ரூபாய் செலவு, 9 ட்ரோன்கள். கடலில் தத்தளிப்பவருக்கு மிதவை போடும் பெரிய ட்ரோனும் அதில் உண்டு. கலிஃபோர்னியாவின் சூலா விஸ்டா நகரில் இன்னும் ஒரு படி மேலே போய், 2018 அக்டோபர் முதலே அவசர அழைப்பு வந்ததும் ட்ரோனை முன்னால் அனுப்புகிறார்கள். வண்டியில் போகும் காவலர் வழியிலேயே படத்தைப் பார்த்துவிடுவார். சில அழைப்புகளில் படத்தைப் பார்த்தே வண்டி தேவையில்லை என்று முடிவாகிவிடும்.

இங்கே அவசர உதவிக்கு நீங்கள் 112 அடித்தால் பெரும்பாலும் வரப்போவது ரோந்து வண்டிதான். ட்ரோன் வந்தாலும் வராவிட்டாலும், முதலில் இடத்தைச் சொல்லுங்கள், விஷயத்தை அப்புறம் சொல்லலாம். லைன் பாதியில் அறுந்தாலும் இடம் போய்ச் சேர்ந்திருக்கும். நம் ஆட்கள் தலைகீழாகச் செய்வார்கள்: "சார், மாமியார் வீட்டுக்கு வந்தோம், அப்ப பார்த்தா..." என்று கதை ஓடும், தெரு பெயர் வராது. தெரு பெயர் மட்டும் சொன்னாலும் பத்தாது. காந்தி நகரும் முதல் மெயின் ரோடும் இந்த ஊரில் எத்தனை? பழைய எண், புதிய எண் குழப்பம் வேறு. பேட்டையையும் பக்கத்துப் பெரிய ரோட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். மெட்ரோ பாலத்துக்குக் கீழே இருந்தால் தூணில் எழுதியிருக்கும் எண்ணைப் படியுங்கள். தனியாகப் போகிற பெண்கள் 'காவல் உதவி' செயலியைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள், அவசர பொத்தானை அழுத்தினால் நீங்கள் இருக்கும் இடமும் சேர்ந்தே போகும்.

அதன் பிறகு, மேலிருந்து பார்ப்பவருக்கான அடையாளம் ஒன்று. "மளிகைக் கடைக்கு எதிர் வீடு" என்றால் போர்டு மேலிருந்து தெரியாது. "மாடியில் நீலத் தகர ஷெட், வடக்கே செல்போன் டவர், இரண்டு வீடு தள்ளி கோபுரம்" என்றால் நான் அரை நிமிஷத்தில் கண்டுபிடிப்பேன். மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் தெருவும் பெயர்ப்பலகையும் தண்ணீரில் போய், மாடிகள் மட்டும்தானே மிஞ்சின? பலத்த காற்றிலும் அடைமழையிலும் இந்த ரக ட்ரோன்கள் பறக்காது. மழை விட்டதும்தான் எதிர்பார்க்க வேண்டும்.

தலைக்கு மேல் ட்ரோன் வந்துவிட்டதா? கத்தாதீர்கள். விசிறிச் சத்தத்தில் நம் குரல் எடுபடாது. கல்யாண வீட்டில் பெரியப்பாக்கள் ட்ரோனைப் பார்த்து ஏதேதோ சொல்வார்கள், எனக்கு வாயசைவுதான் தெரியும். இரண்டு கையையும் ஆங்கில 'V' எழுத்து மாதிரி உயர்த்தி நில்லுங்கள். விமானங்களுக்குக் காட்டும் சைகையில் அதற்கு "உதவி வேண்டும்" என்று அர்த்தம். ஒற்றைக் கையை உயர்த்தினால் "வேண்டாம்" என்று ஆகிவிடும். 112 லைனில் இருந்தால் அதை வைத்துவிடாதீர்கள். நீங்கள் பேச வேண்டியது அந்த வழியாகத்தான்.

மரத்தடியை விட்டு வெளியே வாருங்கள். தூங்குமூஞ்சி மரம் பந்தல் போட்ட மாதிரி மூடிய பழைய அடையாறு தெருக்களில் கீழே ஊர்வலமே போனாலும் மேலிருந்து தெரியாது. இரவில் போன் டார்ச்சை கேமராவுக்கு நேரே பிடிக்காமல், உங்கள் காலடியில் வட்டமாகச் சுழற்றுங்கள். வெப்பக் கேமரா உடல் சூட்டைப் பார்க்கும் என்பது உண்மைதான். ஆனால் கார் கண்ணாடி வழியாகவும் சுவர் வழியாகவும் அது பார்க்காது. மே மாதத்தில் ராத்திரி எட்டு மணிக்கும் தளம் வெந்துகொண்டிருக்கும், அந்தச் சூட்டில் மனிதச் சூடு கலந்துவிடும். உட்கார்ந்திருக்காமல் நடமாடினால் தெரிவீர்கள்.

என் ஜாதிக்காரர்களுக்கு, அதாவது ட்ரோன் வைத்திருப்பவர்களுக்கு, ஒரு வார்த்தை. தீ விபத்தோ கூட்டமோ கண்டதும் 'ஷாட்' எடுக்க நம் ட்ரோனை ஏற்றாதீர்கள், பறந்துகொண்டிருந்தால் உடனே இறக்குங்கள். ஒரே இடத்தில் இரண்டு ட்ரோன் சுற்றினால் இரண்டும் கீழே இருப்பவர் தலையில் விழலாம். பட்டம் விடும் பிள்ளைகளையும் நிறுத்தச் சொல்லுங்கள். மாஞ்சா தடை செய்யப்பட்டது. ஆனாலும் எங்கள் பக்கம் அது இன்னும் பறக்கத்தான் செய்கிறது, என் விசிறியில் இரண்டு தடவை சுற்றியிருக்கிறது.

போன பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது, மிச்சமிருந்த சிவப்பு பெயின்ட்டில் எங்கள் மாடித் தரையில் வீட்டு எண்ணை எழுதினேன், ஒவ்வொரு எண்ணும் ஓர் ஆள் உயரம். நூறடியிலிருந்து பளிச்சென்று படிக்க முடிகிறது. வெயில் தாங்கும் வெள்ளைப் பூச்சு போட்ட மாடி என்றால் கருப்பு போதும். எழுத்தின் தலைப்பக்கம் எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்று அம்மா கேட்டார். ட்ரோன் சுற்றி வந்து படித்துக்கொள்ளும், எந்தத் திசையானாலும் சரிதான் என்றேன். அவர் போய் வாஸ்து பார்ப்பவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்தார்.